செவ்வாய்ப் படையைக் கற்பனையில் கண்ட துணிக்கடைப் பையன்

விடுமுறை நாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாம் அமர்ந்திருக்கிறோம். நகரத்தின்மேல் பெரிய தட்டு ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து பாயும் ஒளிக்கதிர் மாட மாளிகைகளைச் சாம்பலாக்குகிறது. மக்கள் அலறிக் கொண்டு ஓடுகிறார்கள். பீரங்கிகளும் விமானங்களும் பயனற்றுப் போகின்றன. வீட்டிலுள்ள சிறுவர்கள் கண்களைப் பொத்திக் கொள்கிறார்கள். பொத்திய விரல் இடுக்கின் வழியே பார்க்கவும் செய்கிறார்கள். இந்தப் பேய்ப் படத்தை நிறுத்தக் கூடாதா என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறார்கள்.

வேற்றுக் கிரகவாசிகள் பூமியின்மேல் படையெடுத்து வரும் இத்தகைய படங்கள் இன்று ஏராளமாக உள்ளன. விஞ்ஞானத் திரைப்படம் என்றதுமே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவன அவைதாம். இந்த ஆலமரத்திற்கு விதை போட்டவர் யார் என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர் சினிமா ஸ்டூடியோவில் வளர்ந்தவர் அல்லர். செல்வச் சீமானின் மகனும் அல்லர். ஒரு காலத்தில் துணிக்கடையில் துணி மடித்து, தரை கூட்டி, அழுதுகொண்டே உறங்கிய ஏழைச் சிறுவர் அவர். எச். ஜி. வெல்ஸ் என்று உலகம் போற்றும் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸின் வாழ்க்கையை இம்மலரில் சற்றுக் காண்போம்.

இளமையும் வறுமையும்

இங்கிலாந்தில், அந்நாளில் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பிராம்லி என்னும் ஊரில் 1866 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 ஆம் நாள் வெல்ஸ் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் விற்கும் ஒரு சிறு கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரம் மந்தம். ஆனால் ஜோசப் சிறந்த கிரிக்கெட் பந்து வீச்சாளர். 1862 இல் கென்ட் அணிக்காக ஆடியபோது, தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தார். முதல்தர ஆட்டங்களில் அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. கடை தராத வருவாயைக் கிரிக்கெட் ஓரளவு தந்தது. தாய் சாரா திருமணத்திற்கு முன் பெரிய மாளிகை ஒன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர். ஆழ்ந்த இறைபக்தி உடையவர். தம் பிள்ளைகள் கௌரவமான ஒரு தொழிலில் அமர்ந்துவிட வேண்டும் என்பதே அத்தாயின் ஓயாத கவலை.

ஏழு வயதில் சிறுவன் ஹெர்பர்ட்டின் கால் முறிந்தது. பல வாரங்கள் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது. தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து மகனின் படுக்கையருகே வைத்தார். தூர தேசங்கள், விலங்குகள், பழைய போர்கள் எனப் பையன் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தான். கால் எலும்பு கூடியது. படிக்கும் பசி மட்டும் ஆறவில்லை. தம் வாழ்வின் பெரும் பேறுகளில் ஒன்றாக அந்த முறிந்த காலைப் பிற்காலத்தில் அவர் எண்ணி மகிழ்ந்தார். துன்பம் என்று நாம் நினைப்பதையே இறைவன் ஏணியாக்கித் தருவதுண்டு அல்லவா?

1877 இல் இன்னொரு கால் முறிந்தது. இம்முறை தந்தையின் தொடை. அத்துடன் அவருடைய கிரிக்கெட் வாழ்வும், அதனால் வந்த வருவாயும் முடிந்தன. குடும்பம் தத்தளித்தது. 1880 இல் தாய் சாரா, தாம் முன்பு பணிபுரிந்த அப்பார்க் என்னும் மாளிகைக்கே வீட்டு நிர்வாகியாகத் திரும்பிச் சென்றார். கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என வீடு சிதறியது.

அந்த மாளிகைக்குத் தாயைக் காணச் சென்ற நாட்கள் ஹெர்பர்ட்டுக்குப் பொன்னாட்கள். அங்கிருந்த நூலகத்தில் பிளேட்டோவையும், கலிவரின் பயணங்களையும் படித்தான். பரணில் பிரித்துப் போடப்பட்டிருந்த ஒரு பழைய தொலைநோக்கியைக் கண்டெடுத்துத் தானே பொருத்தி, இரவில் விழித்திருந்து சந்திரனின் பள்ளங்களைப் பார்த்தான். வேலைக்காரியின் மகன், எஜமானர் வீட்டுப் பரணில் கிடைத்த கருவியால் வானத்தை அளந்து கொண்டிருந்தான்!

பதினேழு மைல் நடை

ஆனால் வானம் சோறு போடாது என்பது தாயின் எண்ணம். மூத்த பிள்ளைகளைப் போலவே ஹெர்பர்ட்டையும் துணிக்கடையில் தொழில் பழக அனுப்பினார். முதலில் வின்ட்ஸர் நகரில் ஒரு கடை. பையனின் மனம் கணக்கில் நிற்கவில்லை. சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டான். அடுத்து ஒரு மருந்துக் கடை. அங்கும் நிலைக்கவில்லை. பின்னர் 1881 இல் ஸவுத்ஸீ என்னும் கடற்கரை ஊரில் மற்றொரு துணிக்கடை. தாய் தம் சிறு சேமிப்பிலிருந்து முன்பணம் கட்டி, நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அவனைச் சேர்த்தார்.

நாளொன்றுக்கு 13 மணி நேர வேலை. இரவில் மற்றப் பையன்களுடன் ஒரு பெரிய கூடத்தில் உறக்கம். துணி சுருட்டுவதும், ஊசி பொறுக்குவதும், மேற்பார்வையாளரின் ஏச்சைக் கேட்பதுமாகவே வாலிபம் கழிந்துவிடுமோ என்று அவன் அஞ்சினான். இரண்டு ஆண்டுகள் பொறுத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் காசில்லாமல், 17 மைல் தொலைவு நடந்து அப்பார்க் மாளிகையை அடைந்து தாயின் முன் நின்றான். இனி அந்தக் கடைக்குப் போக இயலாது என்றும், படிக்க வேண்டும் என்றும் மன்றாடினான்.

அந்தத் தாயின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராது. மகனுக்கு வேறு பிழைப்பும் இல்லை. தாய் அழுதார், கடிந்தார், மீண்டும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். மகன் கடிதத்திற்கு மேல் கடிதம் எழுதினான். முடிவில் தாய் மனம் இளகினார். 1883 இல், மிட்ஹர்ஸ்ட் பள்ளியின் தலைமையாசிரியர் ஹொரேஸ் பையட், அவனை மாணவ ஆசிரியனாக ஏற்றுக் கொண்டார். மருந்துக் கடையில் இருந்த நாட்களில் இலத்தீன் கற்க வந்த அப்பையனின் கூர்மையை அவர் மறந்திருக்கவில்லை. ஓர் ஆசிரியரின் நினைவாற்றல் ஒரு மாணவனைக் கரையேற்றியது.

பகலில் சிறுவர்களுக்குக் கற்பித்து, இரவில் தானே கற்று, தேர்வுகளில் வரிசையாகத் தேறினார் வெல்ஸ். 1884 இல் இலண்டன் மாநகரின் தெற்குக் கென்ஸிங்டனிலிருந்த விஞ்ஞான ஆசிரியர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. வாரத்திற்கு 21 ஷில்லிங் உதவிப்பணம். பல நாட்கள் அரை வயிறுதான். ஆயினும் முதல் ஆண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர், உலகப் புகழ்பெற்ற தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. நுண்ணோக்கியின் கீழ் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்த்த அந்த ஓராண்டு, பின்னாளில் ஒரு மாபெரும் கதையின் முடிவாக மலரப் போகிறது என்பதை அன்று எவர் அறிவார்?

தோல்வியிலிருந்து எழுத்துக்கு

வெல்ஸ் எல்லாத் தேர்வுகளிலும் வென்றார் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. 1887 இல் நிலவியல் தேர்வில் தவறி, பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். வேல்ஸ் நாட்டில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரானார். அங்கே கால்பந்து ஆடும்போது பட்ட உதையில் சிறுநீரகம் பழுதுற்றது. தொடர்ந்து நுரையீரலிலிருந்து இரத்தம் வந்தது. நெடுநாள் உயிரோடிருப்போம் என்ற நம்பிக்கையே அவருக்கு இல்லாமற் போயிற்று.

எனினும் விடவில்லை. இலண்டனில் வேறொரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர், பிற்காலத்தில் கரடிப் பொம்மை பூவின் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன். 1890 இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தை வெளி மாணவராகவே எழுதிப் பெற்றார். 1893 இல் மீண்டும் இரத்தம் வரவே, வகுப்பில் நின்று கற்பிக்க இயலாமற் போயிற்று. படுக்கையில் இருந்தபடியே செய்யக் கூடிய தொழில் எழுத்து ஒன்றே. நோய் அவரை எழுத்தாளராக்கியது.

1895 இல் 'கால இயந்திரம்' வெளிவந்தது. காலத்தின் ஊடே முன்னும் பின்னும் செல்லும் ஊர்தியைப் பற்றிய அக்கதை அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1897 இல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', 1901 இல் 'சந்திரனில் முதல் மனிதர்கள்' எனக் கதைகள் அணிவகுத்தன. இவற்றுள் நம் பொருளுக்கு உரியது 1898 இல் நூல் வடிவம் பெற்ற 'உலகங்களின் போர்'.

ஒரு கேள்வியில் பிறந்த கதை

அந்நாளில் படையெடுப்புக் கதைகள் இங்கிலாந்துக்குப் புதியன அல்ல. ஜெர்மானியர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வெல்வதாகச் சித்தரித்த 'டார்க்கிங் போர்' என்னும் கதை 1871 இலேயே வெளிவந்து பரபரப்பூட்டியது. வானியலாரின் கண்களோ செவ்வாய்க் கிரகத்தின்மேல் இருந்தன. இத்தாலியரான ஷியாபரெல்லி 1877 இல் செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று அமெரிக்கரான பெர்ஸிவல் லோவல் 1895 இல் நூலே எழுதினார்.

அச்சமயம் வெல்ஸ், இலண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள ஓக்கிங் என்னும் ஊரில் இரயில் பாதையை நோக்கிய சிறு வீடொன்றில் வாழ்ந்தார். ஒருநாள் அண்ணன் ஃபிராங்குடன் உலாவியபோது, பேச்சு டாஸ்மேனியத் தீவைப் பற்றித் திரும்பியது. 1803 முதல் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த ஆதிக்குடிகளுள் பெரும்பாலோர் துப்பாக்கிக்கும் நோய்க்கும் இரையானார்கள். எஞ்சியோர் வேறொரு தீவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆயினும் இழந்ததை மீட்க இயலுமா? அந்தத் தீவினருக்கு நேர்ந்தது போல, வானத்திலிருந்து எவரேனும் திடீரென இறங்கி நம்மை இவ்வாறு நடத்தினால் என்னவாகும் என்று ஃபிராங்க் கேட்டார். அந்த ஒரு கேள்வியே நூலாக விரிந்தது. நன்றி மறவாத தம்பி, நூலை அண்ணனுக்கே காணிக்கையாக்கினார்.

புதிதாகச் சைக்கிள் விடக் கற்றிருந்த வெல்ஸ், ஓக்கிங் சுற்று வட்டாரமெங்கும் சைக்கிளில் சென்று, செவ்வாய்க் கிரகவாசிகள் அழிக்க வேண்டிய தெருக்களையும் வீடுகளையும் குறித்துக் கொண்டார். கதையின் வலிமையே இதுதான். பயங்கரம் எங்கோ மாயாலோகத்தில் நிகழவில்லை. பால்காரர் வரும் தெருவில், ஞாயிற்றுக்கிழமை மக்கள் உலாவும் ஹார்ஸல் பொட்டலில் நிகழ்கிறது. வானத்திலிருந்து ஓர் உருளை விழுகிறது. மக்கள் திருவிழாப் பார்ப்பது போல் கூடுகிறார்கள். வெள்ளைக் கொடியுடன் சமாதானம் பேசச் சென்றவர்கள் வெப்பக் கதிரால் எரிந்து போகிறார்கள். மூன்று கால்களில் நடக்கும் உயரமான பொறிகள் ஊரூராக அழித்துக்கொண்டு முன்னேறுகின்றன. உலகையே ஆண்ட இலண்டன் மாநகர மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் அகதிகளாய் ஓடுகிறார்கள்.

செவ்வாயினரை யார் வென்றது? பீரங்கி வெல்லவில்லை, போர்க்கப்பல் வெல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் வென்றன. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தேறிய நோய்களுக்கு முன், புதிதாக வந்த அவர்களால் நிற்க முடியவில்லை. ஹக்ஸ்லியின் வகுப்பில் நுண்ணோக்கியில் கண்ட சிற்றுயிர்கள் அன்றோ இவை! இறைவன் படைப்பில் மிகச் சிறியதும் ஒரு வேலைக்காகவே உள்ளது என்பதை இதைவிட வியப்பாக யாரும் சொன்னதில்லை.

வானொலியும் வெள்ளித்திரையும்

நூல் எழுந்து நடக்கத் தொடங்கியது. 1938 அக்டோபர் 30 ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் 23 வயது ஆர்ஸன் வெல்ஸ் என்னும் நடிகர் இக்கதையை வானொலி நாடகமாக்கினார். எழுத்தாளர் வெல்ஸுக்கும் இவருக்கும் உறவேதும் இல்லை. பெயர் ஒலிதான் ஒத்திருந்தது. இசை நிகழ்ச்சியின் நடுவே அவசரச் செய்தி வருவது போல நாடகத்தை அமைத்ததால், நியூஜெர்ஸியில் செவ்வாயினர் இறங்கிவிட்டதாகவே சிலர் நம்பிப் பீதியடைந்தனர். நாடு முழுவதும் கலங்கியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அது மிகைப்படுத்திய செய்தி என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் முடிவு. ஆனால் 1949 இல் ஈக்வடார் நாட்டின் குயிட்டோ நகரில் இதே நாடகம் ஒலிபரப்பானபோது நிகழ்ந்தது மெய்யான துயரம். ஏமாற்றப்பட்டதை உணர்ந்த கூட்டம் வானொலி நிலையத்திற்குத் தீ வைத்தது, உயிர்கள் பலியாயின. எழுத்துக்கும் ஒலிக்கும் எத்துணைப் பொறுப்பு உண்டு என்பதை நாம் இதிலிருந்து உணரலாம். கைப்பேசியில் வரும் செய்தியைச் சரிபாராமல் பிறருக்கு அனுப்பும் நமக்கும் இது பொருந்தும்.

வெள்ளித்திரையோ வெல்ஸை முன்பே கண்டு கொண்டது. பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே 1902 இல் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்னும் புகழ்பெற்ற மௌனப் படத்தில் வெல்ஸின் சந்திரக் கதையின் சாயல் உண்டு. 1936 இல் வெல்ஸே திரைக்கதை எழுதி, 'வரவிருப்பவை' என்னும் படம் வெளிவந்தது. நகரங்களின்மேல் விமானங்கள் குண்டு பொழிவதை அது காட்டியது. நான்கே ஆண்டுகளில் இலண்டன் அதை நேரில் அனுபவித்தது.

'உலகங்களின் போர்' திரைக்கு வர 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் பால் தயாரிக்க, பைரன் ஹாஸ்கின் இயக்கினார். கதை கலிபோர்னியாவுக்கு மாற்றப்பட்டது. மூன்று கால் பொறிகளுக்குப் பதிலாக, திருக்கை மீனைப் போன்ற வடிவில் செம்பு நிறப் பறக்கும் பொறிகள் வந்தன. தந்திரக் காட்சிகளுக்காக அப்படம் ஆஸ்கர் பரிசு பெற்றது. அதில் நம் மனத்தில் நிற்கும் காட்சி ஒன்று உண்டு. நூலில் வரும் போதகர் அச்சத்தால் மதி கலங்கியவர். படத்தில் வரும் போதகரோ, வந்தவர்களும் இறைவனின் படைப்பாக இருக்கலாமே என்று எண்ணி, வேதநூலை உயர்த்திப் பிடித்து, திருப்பாடலைச் சொல்லிக் கொண்டு தன்னந்தனியாக அவர்களை எதிர்கொண்டு நடக்கிறார். அக்கினிக் கதிருக்குப் பலியாகிறார். முடிவில் ஆலயத்தில் கூடி மன்றாடும் மக்களின் நடுவேதான் பொறிகள் ஓய்கின்றன. சமயப் பற்று அதிகமில்லாத ஓர் எழுத்தாளரின் கதை, திரையில் ஆலயத்தில் முடிவது விந்தைதான்.

அக்காலப் படங்கள் ஏன் இவ்வாறு பெருகின? 1947 இல் அமெரிக்காவில் பறக்கும் தட்டுகள் பற்றிய பேச்சு எழுந்தது. 1949 இல் சோவியத் நாடும் அணுகுண்டை வெடித்தது. வானத்திலிருந்து எப்போது எது விழுமோ என்ற அச்சம் மக்கள் நெஞ்சில் குடிகொண்டது. அந்த அச்சமே திரையில் வேற்றுக் கிரகவாசியாக உருவெடுத்தது. 1956 இல் வந்த ஒரு படத்தில், அண்டை வீட்டார் ஒவ்வொருவராக உணர்ச்சியற்ற போலி உருவங்களாக மாறி விடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரையே சந்தேகிக்கும் நோயை அது காட்டுகிறது. அந்நியரை அன்புடன் நோக்கிய படங்களும் இல்லாமலில்லை. ராபர்ட் ஒய்ஸ் 1951 இல் இயக்கிய 'பூமி அசையாது நின்ற நாள்' என்னும் படத்தில் விருந்தினர் எச்சரிக்கை செய்யவே வருகிறார்; நாமோ அவரைச் சுடுகிறோம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1982 இல் எடுத்த 'ஈ.டி.' படத்தில், வழி தவறிய ஒரு சின்ன உயிரைச் சிறுவர்கள் ஒளித்து வைத்துக் காக்கிறார்கள். அதே ஸ்பீல்பெர்க் 2005 இல் 'உலகங்களின் போர்' கதையை மீண்டும் படமாக்கினார். 1996 இல் வந்த 'இன்டிபென்டன்ஸ் டே' படத்தில் பகைவரின் கணிப்பொறிக்குள் வைரஸ் புகுத்தி வெல்கிறார்கள். வெல்ஸின் கிருமிகளே புதுச் சட்டை அணிந்து வந்தன என்று சொல்லலாம். இப்படி, அஞ்சுகிறவர்களும் அணைக்கிறவர்களுமாக எல்லோரும் வெல்ஸ் போட்ட பாதையிலேயே நடக்கிறார்கள்.

ஒரு கதை இட்ட இரு விளக்குகள்

வெல்ஸின் எழுத்து திரையோடு நிற்கவில்லை. 1898 இல் அமெரிக்காவில் 16 வயதுப் பையன் ஒருவன் 'உலகங்களின் போர்' கதையைப் படித்தான். அடுத்த ஆண்டு ஒரு செர்ரி மரத்தில் ஏறி நின்றபோது, செவ்வாய்க்குச் செல்லும் கருவியைத் தானே செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அவன்தான் ராபர்ட் கொடார்ட். 1926 மார்ச் 16 ஆம் நாள் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ராக்கெட்டைப் பறக்க விட்டவர் அவரே. அவ்வழியில் வந்த ராக்கெட்டுகளே 1969 இல் மனிதனைச் சந்திரனில் இறக்கின. திரும்பி வந்த மூவரையும், சந்திரனிலிருந்து கிருமி ஏதும் ஒட்டி வந்திருக்குமோ என்று மூன்று வாரங்கள் தனிமையில் வைத்தார்கள். வெல்ஸ் காட்டிய ஆபத்தை உலகம் மறக்கவில்லை!

இன்னொரு விளக்கு வேறு விதமானது. 1914 இல் வெளியான 'விடுதலை பெற்ற உலகம்' என்னும் நூலில், அணுவின் சக்தியால் ஆன குண்டுகளை வெல்ஸ் கற்பனை செய்தார். அந்த நூலை 1932 இல் படித்த லியோ ஸிலார்டு என்னும் விஞ்ஞானி, மறு ஆண்டு அணுவின் தொடர்வினை பற்றிய எண்ணத்தை எட்டினார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தபோது வெல்ஸ் உயிருடன் இருந்தார். தம் கற்பனை ஒரு நகரத்தின் சுடுகாடாவதைக் காணும் கொடுமை எத்தனை எழுத்தாளருக்கு நேர்ந்திருக்கும்?

கருத்து மோதலும் நட்பும்

வெல்ஸின் எல்லாக் கருத்துகளும் நமக்கு ஏற்புடையன என்று சொல்வதற்கில்லை. அவருடைய இல்லற வாழ்வும் குறையற்றது அன்று. திருச்சபையைப் பற்றி அவர் கடுமையாகவே எழுதியிருக்கிறார். 1920 இல் நூலாக வந்த அவருடைய 'வரலாற்றுச் சுருக்கம்' உலகெங்கும் விற்றது. மனிதனையும் கிறிஸ்துவையும் அது நோக்கிய விதத்தைக் கத்தோலிக்க எழுத்தாளரான பெலாக் கடுமையாக எதிர்த்தார். 1922 இல் கத்தோலிக்கரான ஜி. கே. செஸ்டர்டன், அதற்கு மறுமொழி போல 1925 இல் 'என்றுமுள்ள மனிதன்' என்னும் சிறந்த நூலை எழுதினார். ஆயினும் செஸ்டர்டனும் வெல்ஸும் இறுதிவரை நண்பர்களாகவே இருந்தனர். கருத்தை எதிர்க்கலாம், மனிதரை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இவ்விருவரும் நல்ல எடுத்துக்காட்டு.

ஏழைகளின் துயரை வெல்ஸ் மறந்ததில்லை. தாம் நீரிழிவு நோயாளியாக இருந்ததால், 1934 இல் டாக்டர் ஆர். டி. லாரன்ஸுடன் சேர்ந்து பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். போர் மூண்டபோது, போருக்குப் பின் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியவை எவை என்று பட்டியலிட்டு 1940 இல் 'மனித உரிமைகள்' என்னும் நூலை வெளியிட்டார். ஐக்கிய நாடுகள் 1948 டிசம்பர் 10 இல் ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்திற்கு முன்னோடியாய் அமைந்த முயற்சிகளுள் அதுவும் ஒன்று. டாஸ்மேனியருக்காக வருந்திய இளைஞர், முதுமையிலும் அந்த வருத்தத்தை விடவில்லை. குண்டுகள் விழுந்த நாட்களிலும் இலண்டனிலிருந்த தம் வீட்டை விட்டு அகல மறுத்தார். 1946 ஆகஸ்ட் 13 ஆம் நாள் அதே வீட்டில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 79.

நமக்குரிய பாடம்

1965 இல் மாரினர்-4 என்னும் விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படமெடுத்தது. கால்வாய்களைக் காணோம், பள்ளங்களும் பாழ்நிலமுமே கண்டன. செவ்வாயில் படை திரட்டுவோர் எவரும் இல்லை. ஆனாலும் படையெடுப்புப் படங்கள் ஓயவில்லை. ஓக்கிங் ஊரின் நடுவே 1998 இல் ஏழு மீட்டர் உயரத்தில் மூன்று கால் பொறிக்கு ஓர் உலோகச் சிலையே எழுப்பிவிட்டார்கள்!

பொய்யென்று தெரிந்த கதை ஏன் இன்னும் நம்மை உலுக்குகிறது? வெல்ஸ் அக்கதையைச் செவ்வாயைக் காட்டுவதற்காக எழுதவில்லை. நம் கையில் ஒரு முகக் கண்ணாடியைக் கொடுப்பதற்காக எழுதினார். வலிமை மிக்கவன் எளியவனை மனிதனாக மதிக்காத இடமெல்லாம் செவ்வாயினர் இறங்கிய இடமே. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை முகம் பாராமல் ஏவும்போதும், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவியின் பேச்சையும் உடையையும் கேலி செய்யும்போதும், நாமும் மூன்று கால் பொறியின்மேல் ஏறி அமர்ந்து விடுகிறோம் அல்லவா?

பெற்றோருக்கும் இவ்வரலாறு ஒன்று சொல்கிறது. சாரா என்னும் அத்தாய் மகனின் கண்ணீரைக் கண்டும் மனம் இளகாதிருந்தால், ஸவுத்ஸீயில் இன்னொரு துணிக்கடைச் சிப்பந்தி இருந்திருப்பார், அவ்வளவே. அவர் மகன் கேட்டதை முழுவதும் புரிந்து கொண்டு இசையவில்லை. இறுதி வரை அவருக்குக் கலக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் விட்டுக் கொடுத்தார்.

இனி வானத்திலிருந்து தட்டு இறங்கும் படத்தைக் காணும்போது, பொத்திய கண்களை மெல்லத் திறப்போம். எரியும் மாளிகைகளுக்கு அப்பால், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பதினேழு மைல் நடந்து வரும் ஒரு மெலிந்த பையனையும், வாசலில் நின்று அவனைப் பார்க்கும் அவன் தாயையும் நினைத்துக் கொள்வோம்.